முடிவுத் தேதி போடாத லீவு லெட்டர்

பாலு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், எப்போதுமே நலமாகத்தான் இருந்தாய். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான். கடைசிவரை படித்துவிட்டு என்னைத் திட்டு. நடுவில் நிறுத்திவிட்டுத் திட்டினால் செல்லாது.

முந்தாநாள் சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நீ அனுப்பிய மெயிலைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "ஏட்டி, ஒன் மவன் இங்கிலீஷ் லெட்டர் எழுதியிருக்கான். நீ திருத்தித் தந்தாத்தான் அனுப்புவானாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம், சென்னையில் ஹாஸ்டல் வாசம். ஆனாலும் ஒரு கடிதம் எழுதுவதென்றால் கல்கத்தாவில் டாக்குரியா வீட்டில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாதான் வேண்டியிருக்கிறது. கறிவேப்பிலையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழகாகத்தான் எழுதியிருந்தாய். காற்புள்ளி எல்லாம் அதது இடத்தில் இருந்தது. சிறு வயதிலிருந்தே எனக்குக் காதில் கோளாறு இருப்பதால் நான் நீந்த அன்ஏபிள், ஆகவே உங்கள் வேலையை ஏற்றுக்கொள்ளவும் அன்ஏபிள், வருந்துகிறேன். இரண்டே வாக்கியம், இரண்டு அன்ஏபிள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு பிழைதான் இருந்தது. அது நீ செய்ததல்ல, நான் செய்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அந்த வேலை உனக்கு எத்தனை பெரிது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றிலும் துறைமுகத்திலும் லாஞ்சில் போய் ஆழம் அளக்கிற கம்பெனி. உனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஹவுரா படகுத்துறையில் நின்றுகொண்டு, "அப்பா, இங்க எவ்ளோ ஆழம்? அங்க எவ்ளோ ஆழம்?" என்று அவர் உயிரை எடுப்பாய். அவர் துறைமுக ஆபீஸில் கோப்புப் பார்க்கிறவர், ஆழம் அவருக்கு என்ன தெரியும்? ஒருநாள் நீயே என் ஸ்வெட்டர் நூலில் இரும்பு போல்ட்டைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, படகிலிருந்து இறக்கிவிட்டாய். நீல நிற உருண்டை ஒன்று முழுசாக ஹூக்ளி ஆற்றுக்குள் போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தில் அப்பாவின் ஸ்வெட்டருக்கு ஒரு கை நீலம், ஒரு கை பச்சை. அப்படிப்பட்ட பையனுக்கு அதே வேலை கிடைத்து, ஜூலையில் ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டினால் போதும் என்கிறார்கள். அவனோ வருந்துகிறேன் என்று எழுதி, அதைத் திருத்தித் தரச் சொல்லி எனக்கே அனுப்புகிறான்.

என் புகழ் உனக்குத் தெரியும். நம் கட்டிடத்தில் இருக்கும் மூன்று தமிழ் வீட்டுக்கும், போதாததற்கு எதிர் வரிசைக்கும், லீவு லெட்டர் என்றால் நான்தான். இந்தத் தொழிலை நான் பதினாலு வயசில் ஆரம்பித்தேன். வகுப்பில் யாருக்கு மட்டம் போட வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். ஆளுக்கு ஒரு வியாதி வீதம் பிரித்துக் கொடுப்பேன். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு வயிற்றுவலி வராமல் பார்த்துக்கொள்வது ஒரு கலை. ஒருத்திக்கு அவசரத்தில் அம்மை போட்டுவிட்டேன். அவள் மூன்றாம் நாளே பளபளவென்று வந்து நின்றாள். "அம்மை இவ்ளோ சீக்கிரம் எறங்கிடுச்சா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "கல்கத்தா தண்ணி டீச்சர், எதுவும் தங்காது" என்று அவளுக்குப் பதிலாக நான் சொன்னேன். இரண்டு பேரும் பீரியட் முழுக்க வெளியே நின்றோம். அப்போதே ஒரு விதி கற்றுக்கொண்டேன். வியாதி எது வேண்டுமானாலும் மாறலாம், நடுவில் வருகிற அன்ஏபிள் மாறக் கூடாது. அதுதான் தூண். அதை எடுத்துவிட்டால் லெட்டர் உட்கார்ந்துவிடும்.

இங்கிலீஷில் அது ரொம்பச் சாதுவான சொல். முடிகிறவன் ஏபிள், முன்னால் ஒரு அன் ஒட்டினால் முடியாதவன். டிக்‌ஷனரி அரை வரியில் வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் அந்தச் சொல்லை ஆட்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்தால்தான் அதன் சாமர்த்தியம் தெரியும். நாம் தமிழில் முடியாது என்ற ஒன்றை வைத்துக்கொண்டே ஒப்பேற்றுகிறோம். கிரைண்டரைக் கொஞ்சம் தூக்கி வைடா என்றால் படுத்துக்கொண்டே நீ சொல்லும் முடியாது ஒன்று, ஜுரத்தில் எழுந்திரிக்க முடியாமல் சொல்லும் முடியாது இன்னொன்று. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். காகிதத்துக்குக் குரல் இல்லையே! அதனால் மனசில்லாதவனுக்கு அன்வில்லிங் என்றும், இயலாதவனுக்கு அன்ஏபிள் என்றும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நம் ஆபீஸ்காரர்கள் முதல் சொல்லைப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வரப் பிடிக்கவில்லையா, அன்ஏபிள். குவார்ட்டர்ஸ் கொடுக்க மனசில்லையா, அன்ஏபிள். அதைப் போட்டுவிட்டால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மழை பெய்தது என்பது மாதிரி அது பாட்டுக்கு நடந்ததாகிவிடும். பொய் சொல்லவும் வேண்டாம், நிஜம் சொல்லவும் வேண்டாம்.

ஆனால் அந்தச் சொல்லிடம் ஒரு நல்ல குணமும் உண்டு. இன்கேப்பபிள் என்று அதற்கு ஒரு பங்காளி இருக்கிறது, அது ஆளையே லாயக்கில்லை என்று தள்ளிவிடும். அன்ஏபிள் அப்படி இல்லை. இன்றைக்கு முடியவில்லை, இந்தக் காரியத்துக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் லீவு லெட்டரில் திங்கள் முதல் புதன் வரை என்று போடுகிறோம். வியாழக்கிழமை ஆனால் ஆள் எழுந்து வந்தாக வேண்டும். தேதி இல்லாத லெட்டரை எந்த ஹெட்மாஸ்டரும் வாங்கமாட்டார். வாழ்நாளில் நான் எழுதிய லெட்டர் ஐந்நூறு இருக்கும். அதில் ஒன்றே ஒன்றில் மட்டும் முடிவுத் தேதி போடவில்லை. அது உனக்காக எழுதியது.

அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை உன் அப்பாவிடம்கூட முந்தாநாள்தான் சொன்னேன். அதே பதினாலு வயசு. பரீட்சை முடிந்த அன்று நானும் வசந்தாவும் டாக்குரியா ஏரிக்குப் போனோம். வசந்தாவை உனக்குத் தெரியும், ஹவுராவிலிருந்து வரும்போதெல்லாம் உன் கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைப்பாளே, அவள்தான். படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தோம். அவள் வேர்க்கடலை வாங்கப் போனாள். நான் சும்மா இருப்பேனா? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அவள் திரும்பி வருகிற நேரம் பார்த்து, கையை மேலே தூக்கி, "ஐயோ, வசந்தா!" என்று ஒரு கத்து கத்தி மூழ்கினேன். தண்ணீருக்குள் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலே வந்து பார்த்தால் கரையில் அவள் இல்லை. வேர்க்கடலைப் பொட்டலம் மட்டும் கிடந்தது. எனக்கு இரண்டு ஆள் நீளம் தள்ளி, ஆழத்தில், அவள் பின்னல் மட்டும் மிதந்தது. என்னைக் காப்பாற்றக் குதித்திருக்கிறாள், நீந்தத் தெரியாமல். நான் கத்தினேன். இந்த முறை நிஜமாகக் கத்தினேன். புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் முதல் கத்தலில் ஏமாந்து ஓடி வந்துகொண்டிருந்தார், அதனால்தான் நேரத்துக்கு வந்தார். அவளை இழுத்துப் படியில் போட்டார். தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு எழுந்து அவள் செய்த முதல் காரியம், எனக்கு ஒரு அறை. "செத்துட்டேன்னு நெனச்சேன்டி, எருமை!" தான் செத்துவிட்டதாக அல்ல, நான் செத்துவிட்டதாக நினைத்தாளாம்.

அடுத்த நாள் சாதாரணமாகப் பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். அடுத்த கோடையில் அதே ஏரியில் கிளப்பில் சேர்ந்து நீச்சல் கற்றுக்கொண்டாள். "மறுபடி நீ எப்ப விளையாடுவேன்னு தெரியாது, நான் கத்துக்கறதுதான் நல்லது" என்றாள். முங்கினவள் அவள். பயந்துபோனவள் நான். அந்த நாளுக்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. குறும்பை மட்டும் விடவில்லை, அது உடம்போடு ஒட்டியது. பயத்தை ஒளித்துவைக்க அதைவிட நல்ல போர்வை கிடையாது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது.

இனி உன் விஷயம். தொண்ணூறுகளின் நடுவில், நீ ஏழாம் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கையோடு வந்தாய். சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு ஏரியில் நீச்சல் வகுப்பு, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். யாரிடமோ கேட்டு வாங்கிய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாய். "சாம்பார் பச்சையா தெரியுதும்மா" என்றாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எனக்கு அந்தப் பின்னல் மிதப்பது தெரிந்தது. அதற்கு முந்தின மாதம் சளியில் உனக்கு இரண்டு நாள் காதுவலி வந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வாரம். அந்த வாரம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் கையெழுத்துப் போடாமல் லெட்டர் எழுதினேன். என் மகனுக்குத் தீராத காதுக் கோளாறு இருப்பதால் தண்ணீரில் இறங்க அவன் அன்ஏபிள். எழுதி முடித்து, தீராத என்பதற்கு நல்ல இங்கிலீஷ் சொல் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். அப்படிப்பட்டவள் உன் அம்மா.

பள்ளிக்கூடத்தை ஏமாற்றியது பெரிதில்லை, ஐந்நூறு தரம் ஏமாற்றியவள்தான். உன்னிடமும் அதையே சொன்னேன். "காதுக்குள்ள சவ்வு வீக்கா இருக்காம்டா, டாக்டர் சொன்னாரு." நீ நீச்சல் கண்ணாடியைக் கழற்றினாய். அழவில்லை. "எப்பம்மா சரியாகும்?" என்று கேட்டாய். லெட்டரில் நான் போடாமல் விட்ட தேதியை நீ வாயால் கேட்டாய். நான், "பாக்கலாம்டா" என்றேன். அந்தப் பாக்கலாம்தான் பத்து வருஷம் ஓடியது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் நீ அறிந்ததுதான், ஆனால் நான் அதை எழுதியாக வேண்டும். டிரில் மாஸ்டர் லெட்டரைப் படித்துவிட்டு, நீ வீட்டில் தூங்க வேண்டாம், வகுப்போடு வந்து துண்டையும் வாட்ச்சையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷம் சனிக்கிழமைதோறும் முப்பது பேருடைய துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நின்றாய். துண்டுவாலா என்று பெயர் வைத்தார்கள். நீயும் என் பிள்ளை இல்லையா, அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு, "துண்டு ஈரமானா நான் பொறுப்பில்ல" என்று போர்டு எழுதி மாட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். நான் அதைக் கேட்டுப் பையன் சமாளித்துவிட்டான் என்று நிம்மதியடைந்தேன். மற்ற யாரையும்விட நன்றாக அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், எதை மூடுவதற்குச் சிரிக்கிறோம் என்று. தீகா கடற்கரையில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாய். ஒரு மழைக்காலத்தில் நம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியபோது, தெருவில் இறங்குவதற்கு முன்னால் பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டாய். பக்கத்து வீட்டு வங்காள அண்ணி பார்த்துவிட்டு, "இந்தப் பையன் காதாலயா நடக்கிறான்?" என்று கேட்டாள். நாம் எல்லோரும் சிரித்தோம். வளர்ந்த பிறகாவது நீயாக ஒரு டாக்டரிடம் போயிருக்கலாம். எதற்குப் போக வேண்டும்? அம்மா சொல்லியாகிவிட்டதே.

மார்ச்சில் நீ போன் பண்ணினாய். இண்டர்வியூ நன்றாகச் செய்ததாகவும், நீச்சல் பரீட்சை ஒன்று இருப்பதாகவும் சொல்லிவிட்டு, "கெடச்சாலும் போக முடியாதும்மா. காதுதான் இருக்கே" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். போனை வைத்துவிட்டு நான் வசந்தாவுக்கு அடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் அன்னைக்கே கரையேறிட்டேன்டி. முப்பத்தாறு வருஷமா தண்ணிக்குள்ளயே இருக்கிறது நீதான். போதாததுக்குப் பையனை வேற கரையில கட்டி வெச்சிருக்க" என்றாள். ஏப்ரல் முதல் வாரம் அவளே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஏரி கிளப்பில் பெண்கள் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

ஆமாம், பாலு. உன் அம்மா நீச்சல் கற்றுக்கொள்கிறாள். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. கற்றுத்தருகிறவர் கோபால்தா, என் வயசுதான் இருக்கும், ஆனாலும் மாஷிமா என்று என்னைப் பெரியம்மா ஆக்கிவிடுவார். முதல் நாள் கம்பியைப் பிடித்தவள் விடவில்லை. அவர் தண்ணீரில் நின்றுகொண்டு, "மாஷிமா, பொய் கிஷேர்?" என்றார். வங்காளத்தில் அது பயத்தைக் கேட்பது, என்ன பயம் என்று. தமிழ்க் காதுக்கு அது என் பொய்யைக் கேட்ட மாதிரி இருந்தது. எந்தப் பொய் என்று தெரிந்துதான் கேட்கிறாரோ என்று நினைத்த நொடியில் கம்பியை விட்டுவிட்டேன். நிறையக் குடித்தேன். மூக்கால் வந்தது. ஆனால் நின்றால் தண்ணீர் தோள்வரைதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயசு ஆகியிருக்கிறது.

இந்த ஏழு வாரமும் வீட்டில் என்ன நாடகம் என்கிறாய்! தினமும் ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்கு ஈரத் தலையோடு வருவேன். முதல் நாளே அப்பா கேட்டார். "ஒரு வேண்டுதல்" என்றேன், அதுவும் பொய்யில்லை. அவர் அதை நம்பி, ஆபீஸில் எல்லோரிடமும் என் பக்தியைப் புகழ்ந்திருக்கிறார். லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது ஒரு மாமி என்னிடம், எந்தக் கோயில், எத்தனை நாள் என்று விசாரித்துவிட்டுத் தானும் செய்வதாகச் சொன்னாள். இப்போது நான் இருபத்தைந்து மீட்டர் போகிறேன். அழகாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். எருமை கரையேறுகிற மாதிரிதான் இருக்கும், வசந்தா அன்றைக்கே சரியான பெயர்தான் வைத்தாள். ஆனால் போகிறேன், அடி தொடாமல்.

உன் மெயிலைப் படித்த அன்று எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த காபி ஆறிப்போனது. "அப்போ அவன் காதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

"இல்ல."

"ஊருக்குப் போம்போதெல்லாம் ஆத்துல எறங்காம கரையிலயே உக்காந்திருந்தானே, அதெல்லாம் சும்மாவா?"

"ஆமாங்க."

"நாலு லீவுட்டி. நாலு லீவும் நான் எதிர்க்கரைக்குப் போய்ட்டு வருவேன், அவன் துண்ட வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பான். காது நல்லாயிருந்தா எம்புள்ளைய முதுவுல தூக்கிட்டுப் போயிருப்பேனேன்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன்." உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவருக்கு எத்தனை ஆசையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். ஒரு லெட்டரில் இரண்டு பேர் ஆசையைக் கரையில் உட்கார வைத்திருக்கிறேன். நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. இன்று காலை நான் கிளம்பும்போது கதவருகே நின்று, "இந்த வேண்டுதல் எத்தனை மீட்டர்?" என்று கேட்டார். அந்த மட்டும் இறங்கி வந்திருக்கிறார்.

ஆகவே திருத்தம் இதுதான். உன் காதில் ஒன்றும் இல்லை, அன்றும் இல்லை. ஆனால் பத்து வருஷம் என் வாக்கை நம்பி ஏமாந்தவன் இதையும் அப்படியே நம்பிவிடாதே. நாளைக்கே ஒரு காது டாக்டரிடம் போய்க் காட்டி, அவர் வாயால் கேட்டுக்கொள். அதன் பிறகு அந்தக் கம்பெனிக்கு என்ன எழுதுவது என்று நீ முடிவு செய். இங்கே ஒன்று மட்டும் சொல்வேன். ஒருவேளை அந்த வேலை உனக்கு வேண்டாமென்றால், ஆற்றில் அலைகிற பிழைப்பு பிடிக்கவில்லையென்றால், எனக்கு விருப்பமில்லை என்று நேராக எழுது. அப்படி எழுதுகிற தைரியம் உன் அம்மாவுக்கு இருந்ததில்லை. பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது, தெரியவில்லை, இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று எத்தனையோ நேர்மையான சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதவு, தள்ளினால் திறக்கும். அன்ஏபிள் என்று போடுவதற்கு முன்னால் இந்தச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். ஒன்றும் பொருந்தாவிட்டால் மட்டும் அதைப் போடு. போட்டால் எதுவரை என்று தேதியும் போடு. நாளைக்கு உனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தாலும் இதே விதிதான். அதன் சார்பில் நீ லெட்டர் எழுத உட்கார்ந்தால், அந்த அன்ஏபிள் உன்னுடையதா, அதனுடையதா என்று முதலில் பார்.

நீ முடியாதவன் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உன்னால் எதுவும் முடியும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் இருந்தது. என் மேல்தான் இருக்கவில்லை. அதைத்தான் உன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்கு என் மேலும் இருபத்தைந்து மீட்டர் நம்பிக்கை இருக்கிறது. உன்னிடம் இருபத்திரண்டு வயசும் நீளமான கையும் காலும் இருக்கின்றன. பரீட்சை முடித்து மாதக் கடைசியில் நீ ஹவுராவில் வந்து இறங்கினால், ஜூலைக்கு முழுசாக ஒரு மாதம் இருக்கிறது. கோபால்தாவிடம் சொல்லிவிட்டேன். "மாஷிமாவுக்கே வந்துடுச்சு, பையனுக்கு வராதா?" என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

நீண்ட மருத்துவ லீவு முடிந்து வருகிறவர்கள் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். உன் டிரில் மாஸ்டருக்கு நான் தர வேண்டியிருந்ததை இதோ உன்னிடமே தருகிறேன். ஏழாம் வகுப்பு முதல் இன்று வரை தண்ணீரில் இறங்க இயலாதிருந்த என் மகனின் விடுப்பு இன்றோடு முடிகிறது. வியாதி அவனுடையதல்ல. வியாதிக்காரிக்கு வைத்தியம் நடக்கிறது, தேறி வருகிறாள். வரும் சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு அவன் வகுப்புக்கு வருவான்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் அவர் எழுந்துபோய், பீரோவிலிருந்து இரண்டு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். "அவனுக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. இந்தத் தடவ நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார்.

உன் வரவுக்கும் வசவுக்கும் காத்திருக்கும்
அம்மா